பழனியும் பூமிதானமும்

கொங்கு நாட்டுப் பேரூரில் 17-ஆம் நூற்றாண்டில் விளங்கிய சாந்தலிங்க சுவாமிகள் அருளிய நூல்களுள் ‘அவிரோதவுந்தியார்’ ஒன்று. அவிரோதமாவது முரணின்மை. சமயங்களின் முரணின்மை சொல்லளவில் நிற்பதோ, செயலாகவும் வருவதோ எனின், வறியார்க்கு நீதி தேடுமிடத்து அது செயலாகக் காணப்படும் என்பது எமது துணிபு. அதற்கு அந்நாட்டுப் பழனிப்பதியிலேயே ஒரு சான்றுண்டு.

1951 ஏப்பிரல் 18-ஆம் நாள், தெலுங்கானத்துப் போச்சம்பள்ளியில், நிலமற்ற அரிசன மக்களின் பொருட்டு வினோபா பாவே வேண்ட, இராமச்சந்திர ரெட்டியார் 100 ஏக்கர் ஈந்தார். அன்றுதொட்டு வினோபா ஊர்தோறும் நடந்து நிலம் இரந்தார். 1953-இல் வைத்தியநாதத்துச் சிவாலயத்தில் அரிசன அன்பர்களோடு வழிபடச் சென்று அடியுண்டார். சிவசந்நிதியில் நேர்ந்த இஃது நாம் நாணத்தக்கது.

1956-இல் அவர் தமிழகம் போந்தார். ஈண்டு அப்பணியைத் தாங்கியவர் ஜகந்நாதனார். அவர்க்கு உற்ற துணைவர் கெய்தான் என்னும் அமெரிக்கக் கிறித்தவப் போதகர். நம் விடுதலைக்குத் துணை நின்றமையால் ஆங்கில அரசினரால் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டு மீண்டவர். சைவத் திருமடத்துத் தலைவராகிய குன்றக்குடி அடிகளாரும் அவ்வறத்தில் ஈடுபட்டார்.

அவ்வாண்டு நவம்பரிற் பழனியிற் கூடிய சர்வ சேவா சங்கத்தார், காந்தி நினைவு நிதியின் பொருளுதவியைத் துறந்தனர். பூமிதானக் குழுக்களையும் கலைத்தனர். அனைத்தும் துறந்து ஆண்டியாய் நின்ற பெருமானின் மலையடியில் நிகழ்ந்த துறவு இது. மறுவருடம் குருவாயூரில், உடன்வந்த கிறித்தவ அன்பர்க்கு வாயில் அடைபடவே, வினோபா தாமும் உட்புகாது மீண்டார்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. 5 கோடி ஏக்கர் நாடிய இயக்கத்திற்கு 40 இலக்கத்திற்கு மேல் தானமாக எழுதப்பட்டது. அவற்றுட் பல விளையாத கரம்பு. பல உழுவார் கையிற் சேரவேயில்லை. குழுக்கள் கலைந்தபின் பங்கிட்டு வழங்குவாரும் அருகினர். பொருளைத் துறத்தல் எளிது. பொறுப்பைத் துறத்தல் தகாது என்பதே இதனாற் பெறும் பாடம். அப்பொறுப்பைக் கைவிடாதவர் ஜகந்நாதனாரும் அவர் மனைவியார் கிருஷ்ணம்மாளும். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர் எரியுண்டபின், இருவரும் கீழைத் தஞ்சைக்குச் சென்று உழைத்தனர். 1981-இல் ‘லாப்டி’ எனும் அமைப்பை நிறுவி, நிலமற்ற குடும்பத்துப் பெண்டிர்க்கு நிலம் உரிமையாக வழிசெய்தனர்.

மெய்யன்பர்காள்! பிறசமயத்தாரோடு கைகோத்தலால் நம் சித்தாந்தம் குன்றாது. நம் திருக்கோயில் நிலங்களை உழுவார் யாவர், அவர்தம் அடுப்பு எரிகின்றதா என வினவாதொழியின் அன்றோ அது குன்றும்! அவிரோதம் அவ்வினாவிலிருந்தே தொடங்குக.