வாசலிலேயே விழும் வழக்குகள்: அமெரிக்கப் பணியிடப் பாகுபாட்டு வழக்குகளில் ஆரம்பநிலைத் தள்ளுபடி

1954 மே மாதம், டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில், ரயில்வே சரக்குக் கூடம் ஒன்றில் கறுப்பினத் தொழிலாளர்கள் பார்த்துவந்த 45 பணியிடங்கள் ஒழிக்கப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது. சிலருக்கு வேலை போனது. சிலர் கீழ்ப்பதவிக்கு இறக்கப்பட்டனர். உண்மையில் எந்த வேலையும் ஒழியவில்லை, அதே இடங்களில் வெள்ளையர்கள் அமர்த்தப்பட்டார்கள் என்பது தொழிலாளர்களின் பிராது. திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்ட சிலரும் பணிமூப்பை இழந்தனர். அவர்களுக்காகவும் பேசக் கடமைப்பட்ட தொழிற்சங்கம் வாய் திறக்கவில்லை. ஆகவே அவர்கள் வழக்குப் போட்டது சங்கத்தின் மீது. மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1957 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. இதுதான் ‘கான்லி எதிர் கிப்சன்’.

அமெரிக்க உரிமையியல் வழக்குகளின் தலைவிதியை அரை நூற்றாண்டு தீர்மானித்த இந்தத் தீர்ப்பு, அடிப்படையில் ஒரு வேலைப் பாகுபாட்டு வழக்கு. சட்டப் பாடநூல்களில் அது வெறும் நடைமுறை விதியாகச் சுருங்கிப்போய், ஹூஸ்டன் தொழிலாளர்கள் காணாமல் போனார்கள். 1938-இல் நடைமுறைக்கு வந்த ஃபெடரல் உரிமையியல் நடைமுறை விதிகளில் 8-ஆம் விதி, வாதி தன் உரிமையைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொன்னால் போதும் என்கிறது. 12-ஆம் விதியோ, பிராதில் நிவாரணத்துக்கு இடமே இல்லை என்றால் விசாரணைக்கு முன்பே தள்ளுபடி கேட்கப் பிரதிவாதிக்கு வழிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே? நீதிபதி ஹியூகோ பிளாக் அதை மிகத் தாழ்வாகக் கிழித்தார்: எந்த உண்மையை நிரூபித்தாலும் வாதிக்கு நிவாரணம் கிடைக்காது என்பது ஐயமறத் தெரிந்தால் மட்டுமே பிராது விழும்.

கோடு ஏன் தாழ்வாக இருக்க வேண்டும்? பாகுபாட்டின் சாட்சியம் பெரும்பாலும் முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் ‘டிஸ்கவரி’ கட்டம் வழக்கு வாசலைத் தாண்டிய பிறகே வரும்.

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அதன் ஏழாம் பகுதி இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. 1973-இல் ‘மெக்டோனல் டக்ளஸ் எதிர் கிரீன்’ வழக்கில் நேரடிச் சாட்சியம் இல்லாதவர் முகாந்திரத்தைக் காட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் படிகளை வகுத்தது. அந்த அளவுகோல் சாட்சியத்துக்கு உரியது. கீழ் நீதிமன்றங்கள் சில அதைப் பிராதுக்கே வைத்துப் பார்க்கத் தொடங்கின. பின்னால் வந்த சிக்கலில் பாதிக்கு இந்தக் குழப்பமே காரணம் என்பது என் கருத்து.

2002-இல் ‘ஸ்விர்கெவிச் எதிர் சோரமா’ வழக்கில் உச்ச நீதிமன்றத்திடமிருந்து அதற்கு விடை வந்தது. வாதி ஸ்விர்கெவிச் ஹங்கேரியில் பிறந்தவர், வயது 53, காப்பீட்டுத் தொழிலில் 26 ஆண்டு அனுபவம். நியூயார்க்கில் இயங்கிய, பிரெஞ்சுத் தாய் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான சோரமா என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பு ஒன்றை வகித்தார். அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கி, 32 வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அந்த இளைஞருக்கு அந்தத் துறையில் ஓராண்டு அனுபவமே இருந்தது. 1997 ஏப்ரல் 14 அன்று ஸ்விர்கெவிச் தன் குறைகளை எழுதிக் கொடுத்தார். 29-ஆம் தேதி வேலை போனது. முகாந்திரப் படிகள் பிராதில் இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. தேதி, வயது, நாடு எல்லாம் இருக்கிறதே, இதற்கு மேல் பிராதில் என்ன வேண்டும் என்ற போக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஒருமித்த தீர்ப்பை எழுதி வழக்குக்கு உயிர் கொடுத்தார்.

ஐந்தே ஆண்டில் காற்று திசை மாறியது. 2007-இல் தொலைபேசி நிறுவனங்களின் கூட்டுச்சதி பற்றிய ‘ட்வாம்ப்ளி’ வழக்கில் நீதிபதி டேவிட் சௌட்டர், கான்லியின் சூத்திரத்துக்கு ஓய்வு கொடுத்தார். இனி பிராதில் சொல்லப்படுவது நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். 2009-இல் ‘இக்பால்’. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் கைதான பாகிஸ்தானியர் ஒருவர், மதமும் இனமும் பார்த்துத் தன்னைக் கடுங்காவலில் வைத்ததாக அட்டர்னி ஜெனரல் ஆஷ்கிராஃப்ட் மீதும் எஃப்.பி.ஐ. இயக்குநர் முல்லர் மீதும் வழக்குப் போட்டிருந்தார். வெறும் முடிவுரைகளைக் கழித்துவிட்டு, மிஞ்சும் உண்மைகளை நீதிபதி தன் அனுபவத்தாலும் பொது அறிவாலும் எடைபோட வேண்டும் என்றது 5–4 பெரும்பான்மை. ட்வாம்ப்ளியை எழுதிய சௌட்டரே இதில் மாறுபட்டார் என்பது கவனிக்கத்தக்கது. யாருடைய அனுபவம், யாருடைய பொது அறிவு? பாகுபாட்டை ஒருநாளும் சந்தித்திராத நீதிபதிக்கு அது நம்பத்தகாததாகத் தோன்றலாம்.

அப்படியானால் ஸ்விர்கெவிச் தீர்ப்பு நிற்கிறதா, விழுந்ததா? பிட்ஸ்பர்க் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 2009-இலேயே மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விழுந்துவிட்டது என்றது. ஆனால் அவருடைய வழக்கைத் தள்ளவில்லை. 2015-இல் இரண்டாம் சுற்று நீதிமன்றமோ, பாகுபாட்டு நோக்கத்தை மிகக் குறைந்த அளவில் ஊகிக்க இடமிருந்தால் போதும் என்றது.

ஃபெடரல் நீதித்துறை மையத்தின் 2011 ஆய்வு, தள்ளுபடி கோரும் மனுக்கள் பெருகியதையும், வேலைப் பாகுபாட்டு வழக்குகளில் முழுத் தள்ளுபடியின் விகிதம் உயராததையும் காட்டியது. கணக்கை மறுக்கவில்லை. ஆனால் “இது நிற்காது” என்று வக்கீல் திருப்பி அனுப்பிய கட்சிக்காரர் எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

தகவல் யார் கையில் இருக்கிறது என்பதற்கு லில்லி லெட்பெட்டரைவிட நல்ல உதாரணம் இல்லை. அலபாமாவின் காட்ஸ்டன் நகர குட்இயர் ஆலையில் 1979 முதல் வேலை பார்த்தவர். சக ஆண் மேலாளர்களின் சம்பளத்தை அவர் அறிந்தது, ஓய்வு நெருங்கும் வேளையில் பெயரில்லாமல் வந்த ஒரு துண்டுச் சீட்டால். அவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. ஜூரி அவர் பக்கம் நின்றது. சம்பளம் நிர்ணயித்த 180 நாளுக்குள் புகார் தரவில்லை என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் தோற்கடித்தது.

அந்தக் காலக்கெடுவைக் காங்கிரஸ் திருத்தியது. 2009 ஜனவரி 29 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் லெட்பெட்டரின் பெயரையே தாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் செனட்டர் ஆர்லென் ஸ்பெக்டர், கான்லியின் பழைய அளவுகோலை மீட்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.