கமராவும் முன்முடிபும்

கமரா பொய் சொல்லாது என்று பலர் நம்புகின்றனர். ஆயின், அதை எங்கே திருப்புவது, எதைப் படத்துள் அடக்குவது, எதை வெளியே விடுவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் மனிதரே. அவர் முன்னரே முடிவு செய்துகொண்டு புறப்படுவாராயின் படத்தில் பதிவது உலகமன்று, அவருடைய முன்முடிபே. இவ்வுண்மையைத் தம் தொழில் அனுபவத்தால் உணர்ந்தவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங் (1895-1965). அவருடைய வரலாறு, மக்களைப் பற்றி எழுதப் புகும் நமக்கும் பாடமாகும்.

லாங் 1919இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் படப்பிடிப்பு நிலையமொன்றைத் திறந்தார். செல்வந்தர் குடும்பங்கள் அவரை நாடி வந்தன. அங்கே ஒளி, திரை, இருக்கை யாவும் அவர் விருப்பப்படியே அமைந்தன. 1929இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி முதலாளித்துவ உலகை உலுக்கியது. வேலையற்றோர் தெருவில் அலைவதைச் சாளரத்தினூடே கண்ட லாங், 1933இல் கமராவுடன் தெருவில் இறங்கினார். இலவச உணவுக்காகக் கூடிநின்றோர் நடுவே, தகரக் குவளையைக் கைகளுக்கிடையே வைத்தபடி, கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்ற ஒருவரைப் படமாக்கினார். தெருவிலே எவரையும் இப்படி நில், அப்படித் திரும்பு என்று ஏவ இயலாது. காத்திருந்து கற்க வேண்டியவர் கலைஞரே.

1935 முதல் அவர் அமெரிக்க சமஷ்டி அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில் பணியாற்றினார். அதன் படப்பிரிவுக்குத் தலைவரான ரோய் ஸ்ட்ரைக்கர், எடுக்க வேண்டிய காட்சிகளைப் பட்டியலிட்டுக் கலைஞர்களுக்கு அனுப்புவதுண்டு. லாங்கோ, தேடுவது இன்னதென முன்கூட்டியே அறிந்து செல்பவர் தம் முன்முடிபுகளை மட்டுமே படமெடுத்து வருவார் என்ற கருத்துடையவர். பொருள்களை உள்ளவாறே நோக்குதலைப் போற்றும் பிரான்சிஸ் பேக்கனின் கூற்றொன்றைத் தம் இருட்டறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

1936 மார்ச் மாதம். கலிபோர்ணியாவில் வேலையை முடித்து வீடு திரும்பிய லாங், நிப்போமோ என்னுமிடத்தில் பட்டாணி பறிப்போர் முகாமைக் குறிக்கும் பலகையொன்றைக் கண்டும் நிற்காது சென்றார். ஏறத்தாழ 20 மைல் கடந்தபின் மனம் கேளாது திரும்பினார். உறைபனியால் பயிர் அழிந்து, வேலையும் உணவுமின்றித் தொழிலாளர் அங்கே தவித்துக்கொண்டிருந்தனர். 32 வயதுத் தாயொருவரையும் அவர் குழந்தைகளையும் லாங் படமெடுத்தார். ‘குடிபெயர்ந்த தாய்’ என உலகம் அறிந்த படம் அதுவே. முகாமின் படங்கள் நாளிதழில் வந்ததும் அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவு அனுப்பியது. அத்தாயோ அதற்குள் வேறிடம் சென்றுவிட்டார்.

1942இல் அமெரிக்க அரசாங்கம் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகள். அதைப் படமெடுக்க அரசாங்கமே லாங்கை அமர்த்தியது. எதிரிகள் என முத்திரை குத்தப்பட்டோரிடையே அவர் கண்டவர்கள் பாட்டனார்களும் பள்ளிச் சிறார்களும் கடைக்காரர்களுமே. இராணுவம் அப்படங்களைப் போர்க்காலம் முழுவதும் வெளியிடாது முடக்கியது.

எனினும் முன்முடிபை முற்றாகக் களைவது எளிதன்று என்பதற்கும் லாங்கே சான்று. நிப்போமோத் தாயின் பெயரையோ வரலாற்றையோ தாம் கேட்கவில்லை என 1960இல் அவரே எழுதினார். 1978இற்றான் அத்தாய் புளோரன்ஸ் தொம்சன் என உலகம் அறிந்தது. அவர் செரோக்கி என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1920களிலேயே கலிபோர்ணியாவுக்கு வந்தவர். அண்மையில் நிலமிழந்து வந்த வெள்ளை விவசாயக் குடும்பத்தினர் என உலகம் அவரைக் கருதியிருந்தது. உணவுக்காக வண்டியின் ரயர்களை விற்றனர் என்று லாங் எழுதியதையும் குடும்பத்தார் மறுத்தனர். அப்படத்தால் தமக்கு ஒரு சதமும் கிட்டவில்லை என்பது தொம்சனின் மனக்குறை.

அப்படத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. பசித்தோருக்கு அது உணவு கொணர்ந்தது. ஆயின், உழைப்பாளியை வறுமையின் சின்னமாக மட்டும் காண்பதும் ஒரு முன்முடிபே. நல்லெண்ணத்தில் பிறப்பதால் அதை இனங்காண்பது அரிது. உழைக்கும் மக்களிடம் பேனாவோடு செல்லும் நாம், அவர்தம் துயரை எழுதுமுன் அவர்தம் பெயரைக் கேட்போம்; அவர்கள் சொல்லும் வரலாறு நம் கோட்பாட்டோடு முரண்படினும் பொறுமையுடன் செவிமடுப்போம்.