பத்தாண்டுப் பரீட்சை

பிரிட்டனில் மோட்டார் வண்டிகளை ஆண்டுக்கொருமுறை சோதித்து, சாலையில் ஓடத் தகுந்தவை என்று அத்தாட்சி வழங்கும் ஏற்பாடு, பழைய வண்டிகளின்மேல் உண்டான அவநம்பிக்கையிலே பிறந்தது. 1960-ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தபோது, பத்து வயதைக் கடந்த வண்டிகளை மட்டுமே சர்க்கார் சந்தேகக் கண்ணோடு நோக்கிற்று; புதியவற்றை யாதொரு கேள்வியுமின்றி விட்டுவிட்டது. 58 ஆண்டுகள் கழிந்த பின்னரோ, நாற்பது வயதைக் கடந்த வண்டிகளுக்குச் சோதனை கட்டாயமில்லை என்று விதித்துவிட்டு, மூன்று வயது நிரம்பிய வண்டியை ஆண்டுதோறும் சோதனைக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் நேர்ந்த விதத்தை ஆராய்ந்தால், பழைய வண்டி சோதனையில் தேறுவதும் தோற்பதும் அதன் வயதைக் காட்டிலும் அதை வைத்திருப்பவரின் ஸ்திதியையும் நோக்கத்தையுமே பெரிதும் பொறுத்தவை என்பது புலப்படும்.

ஓட்டுகிற மனிதனைச் சோதிக்கவேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டவருக்கு முன்னமே தோன்றியிருந்தது. 1935 முதல் புதிதாக ஓட்டக் கற்றவர் பரீட்சை கொடுத்துத் தேறியே லைசென்ஸ் பெறவேண்டியிருந்தது. ஓடுகிற வண்டிக்கு அத்தகைய பரீட்சை வர மேலும் 25 ஆண்டுகள் ஆயின. இடையிலே மகாயுத்தம் வந்து, தனி மனிதருக்கான கார் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்த பின்னரும், அந்நியச் செலாவணி தேடும் அவசரத்தில், தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த வண்டிகளிற் பெரும்பகுதி கப்பலேறிவிட, உள்நாட்டில் புதுவண்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார்கள். ஆகவே, 1930-களில் வாங்கிய ஆஸ்டின் ஸெவனும் மாரிஸ் எய்ட்டும் ஓய்வு பெற வழியின்றி, கை மாறிக் கை மாறி விலை இறங்கி, கடைசியில் ரிப்பேருக்குச் செலவிட இயலாதவர்களின் வாசலில் வந்து நின்றன.

அந்த ஆஸ்டின் ஸெவன், 1922-இலிருந்து 1939 வரையில் ஏறத்தாழ 2,90,000 வண்டிகளாக உற்பத்தியாகி, நடுத்தர வகுப்பாரையும் காருக்குச் சொந்தக்காரராக்கிய பெருமையை உடையதாயினும், அதன் பிரேக்குகளைப் பற்றி அதை நேசித்தவர்களே நல்ல வார்த்தை சொல்லுவது அரிது. 1930-இல் திருத்தம் செய்யப்படும்வரை, காலால் மிதித்தால் பின்சக்கரங்கள் மட்டுமே பிடிக்கும். முன்சக்கரங்களைப் பிடிக்கக் கைப்பிரேக்கை இழுக்கவேண்டும். நெருக்கடியான வேளையில் காலும் கையும் ஒருங்கே வேலை செய்யும் சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. போதாக்குறைக்கு, கேபிள்கள் நாளடைவில் நீண்டு தளர்ந்துபோகும்.

1956-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வண்டிச் சோதனைக்கு அதிகாரம் அளித்தது. சாலை போடும் காண்டிராக்ட் கம்பெனி ஒன்றை நிறுவியவரான எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து மந்திரியாக இருந்த காலத்தில், 1960 செப்டம்பர் 12 அன்று அது தொடங்கியது. 1961 பிப்ரவரியில் கட்டாயமாயிற்று. ‘பத்தாண்டுப் பரீட்சை’ என்று ஜனங்கள் அதை வழங்கினர். பிற்காலத்தில் போக்குவரத்து இலாகாவின் ஆங்கிலப் பெயரான ‘மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்’ என்பதன் முதலெழுத்துக்களைக் கொண்டு எம்.ஓ.டி. என்பதே நிலைத்துவிட்டது. பிரேக், விளக்குகள், ஸ்டியரிங் ஆகிய மூன்றோடு சோதனை முடிந்தது. அனுமதி பெற்ற தனியார் பட்டறைகளே அதை நடத்தின. குறை கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து கூலி பெறவும் கூடும் என்ற இந்த ஏற்பாட்டில் உள்ள அபாயத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

சோதனையில் தோற்ற வண்டிகளின் தொகை அதிகாரிகள் எதிர்பார்த்ததைக் காட்டிலும் மிகுந்திருந்தது. பத்து வயது என்ற எல்லை 1961 முடிவதற்குள் ஏழாகவும், 1967-இல் மூன்றாகவும் இறங்கியதற்கு அதுவே காரணம். கிழட்டு வண்டிகளைப் பிடிக்க விரித்த வலையில் இளவண்டிகளும் சிக்கவே, கவனிப்பாரற்ற வண்டிக்கு வயது ஒரு பொருட்டன்று என்பதைச் சர்க்காரும் ஒருவாறு ஒப்புக்கொண்டதாயிற்று.

1977-இல் சோதனை விரிந்து, வண்டியின் உடலமைப்பும் அதனுள் அடங்கியது. இந்த ஒரு மாற்றம் செய்த சங்காரத்தை வேறெதுவும் செய்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. பழங்கால வண்டிகளுக்குத் தடித்த சேஸிஸ் தனியே உண்டு. மேற்கூடு துருப்பிடித்தாலும் அடிச்சட்டம் தாங்கும். யுத்தத்துக்குப் பின் வந்தவற்றிலோ தகட்டுக் கூடே சட்டமாகவும் அமைந்தது. ஸ்டியரிங், பிரேக், ஸ்பிரிங் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வலுவைக் குலைக்கும் துரு இருக்கலாகாது என்பது விதி; சோதனையாளர் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓசையிலிருந்தே உள்நிலையை ஊகித்துவிடுவார். பட்டி பூசி மேலே பெயின்ட் அடிக்கும் தந்திரம் அவரிடம் பலிக்காது. புதுத்தகடு வெட்டி வெல்டிங் செய்தே ஆகவேண்டும். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்து, 16 லட்சத்துக்கு மேல் உற்பத்தியான மாரிஸ் மைனர் இதற்கு நல்ல உதாரணம். எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும். கதவுக்கு அடியிலுள்ள பெட்டிச்சட்டமும், பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை மாட்டுமிடமுமே முதலில் உளுத்துப்போகும். முன்சக்கர மூட்டுக்கு வேளாவேளைக்குக் கிரீஸ் இடாதவர்களுக்கு, மூட்டுக் கழன்று சக்கரம் மடங்கிப்போகும் அனுபவமும் கிட்டும். இத்தகைய வண்டிகளைப் பேணுவதே பின்னர் ஒரு தொழிலாகி, 1990-களில் இலங்கையில் மாரிஸ் மைனருக்குத் தகடுகள் அடித்து, அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே அனுப்பலாயினர் என்பது விந்தையான ஒரு கிளைக்கதை.

வெல்டிங் செலவு வண்டியின் விலையை மிஞ்சியபோதெல்லாம் வண்டி காயலான் கடைக்குப் போயிற்று. எஞ்சியவை, செலவைக் கணக்கிடாத பிரியர்களின் கைக்கு வந்தவை மட்டுமே. சட்டமும் அவற்றினிடம் ஓரளவு தாட்சண்யத்தோடு நடந்துகொண்டது. பிறந்த காலத்தில் இல்லாத உறுப்பை வண்டியிடம் அது கேட்பதில்லை. 1936-க்கு முற்பட்டதற்குத் திருப்பம் காட்டும் விளக்கு வேண்டாம், 1965-க்கு முற்பட்டதற்கு ஸீட்பெல்ட் வேண்டாம். உருளைகளின்மேல் ஏற்றிப் பிரேக்கை அளக்க இயலாத வண்டியாயின், டாப்லி மானி என்னும் ஊசற்கருவியை அதன் தளத்தில் வைத்து, சமதளச் சாலையில் ஓட்டிப் பிரேக்கை மிதித்து, அது காட்டும் சதவீதத்தைக் குறித்துக்கொள்வதும் உண்டு.

இவ்வாறு பலமுறை சலித்தெடுத்தபின் மிஞ்சிய வண்டிகளைத்தான் 2009-இல் கணக்கெடுத்தார்கள். 1960-க்கு முற்பட்ட வண்டிகளில் முதற்சோதனையிலேயே தோற்றவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பிற்பட்டவற்றில் முப்பதுக்கும் மேல். பதிவான வாகனங்களில் 1960-க்கு முற்பட்டவை 0.6 சதவீதமாக இருந்தும், விபத்துக்களில் அவற்றின் பங்கு 0.03 சதவீதமே என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகள் ஆண்டுக்கு 500 மைல்கூட ஓடுவதில்லை என்றும் சர்க்கார் எடுத்துக்காட்டி, 2012 நவம்பர் 18 முதல் அவற்றுக்குச் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. நியாயம் மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் பழுதற்றதே. ஆனால் பிரியத்தோடு பேணப்பட்டவை என்று கருதப்படும் வண்டிகளிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்று தோற்றதே, அதன் குறை சொந்தக்காரருக்குச் சோதனையால் அல்லவோ தெரிந்தது? ஓடாமல் நிற்பதும் வண்டிக்கு ஆரோக்கியமன்று. பிரேக் சிலிண்டர் இறுகிப்போகும், தேயாத டயரும் வெடிப்பு விடும்.

2018 மே 20 முதல் இந்த விலக்கு, நாற்பது ஆண்டு நிரம்பியும் பெருமாறுதல் செய்யப்படாமலும் உள்ள வண்டிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அதற்குமுன் பொதுமக்களின் அபிப்பிராயம் கேட்டபோது ஆதரித்தவர்களைக் காட்டிலும் எதிர்த்தவர்களே அதிகம். சர்க்கார் அதைப் பொருட்படுத்தவில்லை. வண்டியில் பெருமாறுதல் நிகழவில்லை என்று உறுதி கூறிச் சொந்தக்காரரே பாரத்தில் கையொப்பமிட்டால் போதும். அபாயமான நிலையில் வண்டியை ஓட்டுவது முன்போலவே குற்றம்தான்; ஆகையால் விலக்கு இருந்தும் விரும்பிச் சோதனைக்குக் கொண்டுவருவோர் உண்டு. பழைய வண்டிகள் எத்தனை நன்றாகத் தேறுகின்றன என்பதை இனிமேல் அறிய விரும்புகிறவர், தாமே முன்வந்த அந்த வண்டிகளை மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். கொட்டகைப் பக்கமே வராதவை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.