டென்ஷன் யாருக்கு?

கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய வாரம். திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. "தம்பி, கம்பிக்கு டென்ஷன் பத்தல, டர்ன்பக்கிளைத் திருப்பு" என்றார் ஒரு பெரியவர். டென்ஷன் மனிதருக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் கம்பிக்குத்தான் அதில் மூத்த உரிமை: 'இழு, நீட்டு' என்னும் லத்தீன் வினையில் பிறந்த சொல் அது, மனத்தைப் பிடித்தது பிறகுதான். பக்கிளும் லத்தீன் வழிதான்: முதலில் 'சிறு கன்னம்', பிறகு தலைக்கவசத்தின் கன்னப்பட்டி, அப்புறம் வாரை மாட்டும் கொளுவி. கருவி எளியது. நடுச்சட்டத்தின் ஒரு முனையில் வலப்புரி மரை, மறுமுனையில் இடப்புரி. சட்டத்தைச் சுழற்றினால் இரு முனைகளிலும் திருகியிருக்கும் கொக்கிகள் ஒருசேர உள்ளே வரும், கம்பி விறைக்கும். இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? யாழ் நரம்பை இறுக்கும் கருவிக்கு மாடகம் என்று பெயர். வீணையில் அந்த வேலை பிருடைக்கு. இறுக்கிக் கட்டுவதை 'வீக்குதல்' என்றும் சொன்னார்கள். அதன் உறவான வீக்கத்துக்கு இன்று மருந்துதான் தேடுகிறோம். மாடகம் அழகான சொல், ஆனால் மாடம் என்றே காதில் விழும். முறுக்கி என்றால் பலகார நினைப்பு வரும். என் ஓட்டு 'திருகிறுக்கி'க்கு: திருகினால் இறுகும், பெயரிலேயே செய்முறை இருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். "பேரு நல்லாத்தான் இருக்கு சார். கடையில கேட்டா எடுத்துத் தருவானா?" என்றார்.