குழாய் வாசரும் வானொலியும்: ஐதராபாத்தின் ‘பிட்எக்ஸ்’

இந்தியத் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் அணைகள், உருக்காலைகள், ஏவுகலன்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. தனிமனிதர் தம் மேசைமீது பற்றாசு வைத்துச் செய்யும் கருவிகளுக்கு அதில் இடம் குறைவு. 2003-ஆம் ஆண்டளவில் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’ என்னும் அமெச்சூர் வானொலிக் கருவி, அவ்விடைவெளியைச் சுட்டிக்காட்டும் வலுவான சான்று.

ஐதராபாத் இத்துறைக்குப் புதிய நகரமன்று. தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் 1983-இல் அங்கேயே தொடங்கப்பட்டது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்நிறுவனத்தின் குழுவொன்று அமெச்சூர் ஒலிபரப்புக்காக அந்தமானில் இருந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்த நிலையில் அக்குழுவின் கருவிகள் செய்தி கடத்தும் வழியாயின. ஆயினும் உரிமத் தேர்வில் தேறிய பலருக்கும் வெளிநாட்டுக் கருவியின் விலை எட்டாததாகவே இருந்தது. உரிமம் இருந்தும் ஒலிபரப்ப இயலாத இந்நிலையே பிட்எக்ஸின் பின்புலம்.

கருவியின் பெயரிலேயே அதன் கொள்கை அடங்கியுள்ளது. ‘பிட்’ என்பது இருதிசையைக் குறிக்கும். வழக்கமான டிரான்சீவரில் அலைவாங்கும் பகுதிக்கும் அலைபரப்பும் பகுதிக்கும் தனித்தனிப் பெருக்கிகள் உண்டு. இங்கோ ஒவ்வொரு நிலையிலும் இரு சிறு பெருக்கிகள் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருக்கும். எதற்கு மின்னழுத்தம் தரப்படுகிறதோ அதன் திசையில் குறிகை செல்லும். டையோடுக் கலப்பிகளும் படிக வடிகட்டியும் இயல்பிலேயே இருதிசையிலும் இயங்குவன. ஆதலால் அவை இரு பணிகளுக்கும் பொதுவாயின. சுருள்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

அமெரிக்கச் செயல்முறை நூல்கள் கேட்கும் டோராய்டு வளையங்கள் இந்தியச் சில்லறைக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஃபர்ஹானின் வடிவமைப்பு, சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் நைலான் வாசரை ஏற்றுக்கொண்டது. இறுதிநிலை ஆற்றல் பெருக்கிக்கு, மின்விசை மாற்றிகளுக்கென உருவான மலிவான ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டரே பயன்பட்டது. 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஏறத்தாழ 6 வாட் ஆற்றலுடன் குரலைக் கடல்கடத்த இவை போதுமானவையாக இருந்தன.

இதனைப் ‘பற்றாக்குறையின் விளைவு’ என்று சுருக்குவது பொருந்தாது. பற்றாக்குறை நாடெங்கும் இருந்தது. பிட்எக்ஸ் எங்கும் தோன்றிவிடவில்லை. வெஸ் ஹேவர்டு போன்ற அமெரிக்க வடிவமைப்பாளர்களின் செயல்முறை எழுத்துகளை ஆழ்ந்து கற்றதும், அவ்வறிவை உள்ளூர்க் கடையின் இருப்போடு பொருத்தியதும், சுற்றுப்படத்தை எவரும் எடுத்தாள வெளியிட்டதும் உணர்ந்து செய்த தேர்வுகள்.

அத்தேர்வு மிகத் தெளிவாகப் புலப்படுவது நுண்சீரமைப்பில். 10 மெகாஹெர்ட்ஸ் படிகங்களால் ஆன வடிகட்டி, 4 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் மாறு அலையியற்றி ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையே 14 மெகாஹெர்ட்ஸ். அலையியற்றியின் சுருளில் சுற்றுகளைச் சற்றே நெருக்கியும் விலக்கியும் அலைவெண்ணை உரிய எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். பின்னர் சமநிலைக் கலப்பியின் மாறுமின்தடையையும் டிரிம்மரையும் மாறிமாறித் திருகி, ஊர்தி அலை அருகிலுள்ள வானொலிப் பெட்டியில் ஏறக்குறைய மறையும் புள்ளியைக் காண வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று சிறிது விலகும். ஆகவே பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். மல்டிமீட்டரும் டையோடு ஆய்முனையும் பழைய சிற்றலை வானொலியும் இருந்தால் போதும். விலையுயர்ந்த அளவைக் கருவி உள்ளவரே வானொலி செய்யலாம் என்னும் வரம்பு இவ்விடத்தில் தளர்ந்தது.

2016-இல் வந்த பிட்எக்ஸ்40, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கானது. அதன் பலகை உறுப்புகள் பொருத்தப்பட்ட நிலையிலேயே விற்கப்பட்டது. பலகைகளைத் தயாரிக்கும் பணியில் பெண்கள் குழுவொன்று ஈடுபட்டது. சுருள் அலையியற்றியின் இடத்தை, நுண்செயலி கட்டுப்படுத்தும் எண்முறைச் சில்லு பிடித்துக்கொண்டது. சுற்றை நெருக்கியும் விலக்கியும் பெற்ற அலைவெண் இப்போது நிரலின் ஓர் எண்ணாகிவிட்டது. வாங்குபவர் பெட்டி செய்து, கம்பி இணைத்து, அளவுதிருத்தினால் போதும். பற்றாசு வைக்கும் கை இங்கே பயனாளருடையதன்று, கூலிபெறும் உழைப்பாளியுடையது. ‘வீட்டில் செய்தது’ என்னும் சொல்லின் பொருள் இவ்வாறு இடம்பெயர்ந்தது.

ஆயினும் சுற்றுப்படமும் நிரலும் திறந்தே இருந்தன. பல நாடுகளின் ஆர்வலர்கள் நிரலைத் திருத்தினர், சுற்றை மாற்றினர், பிழைகளைச் சுட்டினர். இயந்திரத்தைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உள்ள உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தொழில்நுட்பத் தன்னிறைவின் அளவுகோல் என்றால், தொழிற்சாலைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அதனை அளக்க முடியாது. குழாய் வாசரில் சுற்றிய செம்புக் கம்பிக்கும் அந்தக் கணக்கில் இடம் தர வேண்டியிருக்கும்.