இரண்டு முயல்கள்

எங்கள் வீட்டுக்கு முயல் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வருஷம் ஏப்ரல் கடைசியில் மகனுக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தது. அங்கே பார்த்திருந்த அடுக்குமாடி வீட்டில் பிராணிகள் வளர்க்கக் கூடாதாம். பேத்தி ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் வந்து இறங்கினாள். "தாத்தா, பஞ்சு உங்ககிட்டயே இருக்கட்டும். லீவுக்கு வந்து பாத்துக்கறேன்" என்றாள். வெள்ளை உடம்பு, சாம்பல் நிறக் காது, ஒன்றரை கிலோ இருக்கும். "அதுக்கென்னடி கண்ணு, இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு முயல் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அறுபது வருஷத்துக்கு முந்தைய காரணம்.

1961. எனக்கு ஒன்பது வயது. பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கடலைக் கொல்லையில் வரப்போரம் புல் குத்துக்குள் ஒரு முயல் குட்டி தனியாகப் படுத்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கண் திறந்திருந்தது. முடியும் நன்றாக முளைத்திருந்தது. கிட்டே போயும் ஓடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், தாயைக் காணோம். நாய் பிடித்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, சட்டையைக் கழற்றி அதில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்பாயி சங்கில் பசும்பால் ஊற்றிக் கொடுத்தது. குட்டி குடித்தது போலவும் இருந்தது, குடிக்காதது போலவும் இருந்தது. மூன்றாம் நாள் காலை கூடையைத் திறந்தபோது விறைத்துக் கிடந்தது. முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில், அதே வரப்பில் ஒரு பெரிய முயல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததாக அண்ணன் சொன்னார். என்னை அழவைக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவரோடு சண்டை போட்டேன். அதற்குப் பிறகு நாய், கோழி, கிளி எல்லாம் வளர்த்திருக்கிறோம். முயல் மட்டும் கிடையாது.

பஞ்சு வந்த முதல் வாரம் என் பக்கமே வரவில்லை. நானும் அதன் பக்கம் போகவில்லை. கூடத்தின் மூலையில் கூண்டு. கதவைத் திறந்து விட்டால் சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மனைவி தூக்கப் பார்த்தாள். பின்னங்காலால் உதைத்ததில் முழங்கையில் நீளமாக ஒரு கீறல். முயலுக்குத் தூக்கினால் பிடிக்காது. காதைப் பிடித்துத் தூக்குவது அதைவிடப் பெரிய தப்பு. சினிமாவில் மந்திரவாதி தூக்குவதைப் பார்த்து நாம் கெட்டுப்போனோம். தரையிலிருந்து உயரே போவது என்றால் அதன் புத்தியில் பருந்தின் காலில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

பேத்தி போனில் வழி சொன்னாள். "தாத்தா, நீங்க தரையில உக்காந்துக்குங்க. அதைப் பாக்காதீங்க. உங்க வேலையைப் பாருங்க." முழங்கால் வலியோடு தரையில் உட்கார்வது லேசான காரியமா? இருந்தாலும் பாயை விரித்து, சுவரில் சாய்ந்து, தினமும் மாலை பேப்பரைப் படிக்க ஆரம்பித்தேன். நான்காம் நாள் பேப்பரின் ஓரத்தை ஏதோ இழுப்பது போலிருந்தது. தலையங்கத்தின் ஒரு மூலையைத் தின்றுகொண்டிருந்தது. எட்டாம் நாள் என் கால் பெருவிரலில் தாடையைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. தாடைக்குக் கீழே வாசனைச் சுரப்பி இருக்கிறதாம். தேய்த்துவிட்டால் அந்தப் பொருள் தன்னுடையது என்று பட்டா போட்டதாகக் கணக்கு. இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், என் தொடைக்குப் பக்கத்தில் பொத்தென்று ஒருக்களித்து விழுந்தது. செத்துவிட்டது என்று பதறிவிட்டேன். அப்படி விழுந்து படுத்தால் பயமில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. நெற்றியை நீவிவிட்டால் பல்லை மெதுவாக நறநறக்கும். பூனைக்கு உறுமல் எப்படியோ, முயலுக்கு அது அப்படி.

இதற்குள் அக்னி நட்சத்திரம் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் முதல் நாள் ராத்திரி போட்ட புல் அப்படியே கிடக்கிறது. புழுக்கையும் இல்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது. காதைத் தொட்டால் அனலாகக் கொதித்தது. எனக்கு அந்தக் கூடை ஞாபகம் வந்துவிட்டது. ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். மடியில் கூண்டு, அதன்மேல் ஈரத்துண்டு. முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து என்றார் அவர். வியர்வையும் கிடையாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். ஊசி மூலம் உப்பு நீர் ஏற்றினார். வீட்டுக்கு வந்து, தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். சாயங்காலம் நாலு புழுக்கை போட்டது. புழுக்கையைக் கண்டு கண் கலங்கியவன் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

கிளம்பும்போது அந்த டாக்டரிடம் 1961 கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "சார், நம்ம காட்டு முயல் வேற, இது வேற. பேருதான் ஒண்ணு" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் படிக்கத் தூண்டியது.

நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். வள்ளுவர் படைச்செருக்கில் சொல்லும் கானமுயலும், நிலவில் கறையாகத் தெரிவதாக நாம் குழந்தைகளுக்குக் காட்டும் முயலும் நம் காட்டு முயல்தான். பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள அந்த இனம்தான் இந்த மண்ணுக்கு உரியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பதும் அதைத்தான். கூண்டில் வளர்க்கும் முயல் வேறு குலம். காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, இதற்கு 44. இரண்டும் கலந்து குட்டி போடாது.

பஞ்சுவின் பாட்டன் முப்பாட்டனுக்குப் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ். அந்த நாட்டின் பெயரே பினீசிய வணிகர்கள் முயலைப் பார்த்து வைத்தது என்று ஒரு கருத்து உண்டு. எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஹேட்ரியன் பேரரசர் (கி.பி. 117-138) காலத்து ரோமானிய நாணயத்தில் ஸ்பெயினைப் பெண்ணுருவாகக் காட்டி, அவள் காலடியில் முயலைப் பொறித்திருக்கிறார்கள். நமக்குச் சோழனின் புலி, பாண்டியனின் மீன் போல. அங்கே முயல் என்றால் சிரிப்புச் சமாசாரம் இல்லை. பலியாரிக் தீவு மக்கள் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸ் பேரரசரிடம் படை உதவி கேட்டதாகப் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது வேறொன்று. கி.மு. 37இல் வர்ரோ என்ற ரோமானியர் வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். செல்வந்தர்கள் மதில் கட்டிய தோட்டங்களில் முயல் அடைத்து வளர்த்ததை அதில் சொல்கிறார். அந்தத் தோட்டங்களில் காட்டு முயலும் இருந்தது, ஸ்பெயின் முயலும் இருந்தது. அதே மதில், அதே புல். ஆனால் வீட்டுப் பிராணியாக ஆனது ஒன்றுதான். காட்டு முயல் தனியாக வாழ்வது. வளை தோண்டாது. ஆபத்து வந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி ஓட்டம். ஸ்பெயின் முயலோ கூட்டமாக மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருப்பது. பக்கத்தில் இன்னொரு உயிர் படுத்திருப்பது அதற்குப் பழகிய விஷயம். என் தொடை ஓரம் பஞ்சு வந்து விழுவது அந்த வளையின் மிச்சம் என்றே நினைக்கிறேன்.

முயல் எப்போது வீட்டுப் பிராணி ஆனது என்பதற்குப் புத்தகங்களில் ஒரு கதை உண்டு. கி.பி. 600 வாக்கில் ஒரு போப்பாண்டவர், முயலின் பிறந்த குட்டி மாமிசமல்ல, நோன்பில் சாப்பிடலாம் என்று ஆணையிட்டாராம். அதனால் பிரெஞ்சுத் துறவிகள் மடத்திலேயே முயல் வளர்த்தார்களாம். பேத்திக்குக்கூட இதைக் கதையாகச் சொல்லியிருந்தேன். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2018இல் மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது அப்படி ஒரு ஆணையே இல்லை. டூர்ஸ் நகரத்து கிரிகோரி என்ற பாதிரியார் எழுதிய வேறொரு சங்கதியை, அதே பெயர் கொண்ட போப்பின் தலையில் யாரோ கட்டிவிட்டார்கள். தலபுராணத்தில் ஆள் மாறுவது நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. முயல் ஒரே நாளில் வீட்டுக்கு வரவில்லை, பல நூற்றாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்பதுதான் அவர்கள் முடிவு. அதே 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில் காட்டில் வாழும் இதே இனத்து முயலின் மூளையையும் வீட்டு முயலின் மூளையையும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். அச்சத்துக்கு உரிய அமிக்டலா என்ற பகுதி வீட்டு முயலுக்குச் சிறியதாக இருந்ததாம்.

மனிதன் அதை எடுத்துப்போன இடமெல்லாம் நன்மை விளையவில்லை. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டைக்காக ஆஸ்திரேலியாவுக்கு 24 முயல்களை வரவழைத்தார். அது பெருகிய பெருக்கில், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,833 கிலோமீட்டருக்கு வேலி போட வேண்டி வந்தது. செல்லமாக வளர்த்தவர்களில் பேர்பெற்றவர் பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார். 1902இல் வெளிவந்து உலகமெங்கும் குழந்தைகள் படித்த பீட்டர் முயல் கதைக்கு அவர் வீட்டு முயலே மாதிரி. பெஞ்சமின் என்ற இன்னொரு முயலை நாய் போல வாரில் கட்டி உலாவ அழைத்துப் போவாராம். என் மனைவியிடம் சொன்னேன். "நீங்க வேணா கட்டிக்கிட்டு போங்க, தெருவே வேடிக்கை பாக்கட்டும்" என்றாள்.

நம் பக்கம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். குளிர் மலையில் அவை ஏன் செழிக்கின்றன என்பது, மே மாதத் திருச்சியில் ஆட்டோவில் ஓடிய எனக்கு விளக்காமலே புரிந்தது. வளர்ப்பவர்கள் கவனிக்க: காரட் அதற்கு மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. முக்கியம் புல்தான். பல் ஆயுளுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதற்கு நார் வேண்டும். அறுகம்புல், வேலிமசால் கொடுக்கிறேன். முயல்மசால் என்றே ஒரு தீவனப் பயிர் இருக்கிறது, பெயருக்காகவே தேடி வாங்கினேன். பஞ்சு முகர்ந்து பார்த்துவிட்டு அறுகம்புல்லுக்கே போய்விட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிடிவாதக்காரர்களைச் சொல்வோமே, முயலும் அதில் குறைந்ததல்ல.

இனி, நான் படித்ததில் என்னை நிறுத்திவிட்ட பகுதி. ஸ்பெயின் முயலின் குட்டி மண்ணுக்குள், கண் திறக்காமல், முடியில்லாமல் பிறக்கும். காட்டு முயலின் குட்டி திறந்த வெளியில், கண் திறந்து, முடியோடு பிறக்கும். மோப்பம் பிடித்து நரியோ நாயோ வந்துவிடக் கூடாது என்று தாய் அதைப் புல்லுக்குள் தனியே விட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தள்ளியே இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு ஒரே ஒரு முறை வந்து, சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குட்டி அசையாமல் படுத்திருப்பது அநாதை என்பதால் அல்ல. அதற்குப் பிறவியிலேயே கிடைத்த உத்தரவு அது.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஊருக்குப் போன் போட்டேன். அண்ணனுக்கு இப்போது எழுபத்தெட்டு. காது சரியாகக் கேட்காது, இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, கடலைக் கொல்லையில பெரிய முயலப் பாத்தேன்னு சொன்னியே, அது நெசந்தானா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நெசந்தான்டா. மூணு நாளும் வந்துச்சு. நீ அழுவேன்னுதான் ஒரு நாள் மட்டும் சொன்னேன்."