மூக்கை அளந்தவர்களும் கணக்கைச் சரிபார்த்தவர்களும்



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போவதற்கான கூட்டம் அல்ல. அவர்கள் விட்டுச்சென்ற வேலையில் எது மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிற நாள். அந்தக் கணக்கில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். மதத்தின் பேரால் நம்மைத் தாழ்த்தியது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அறிவியலின் பேரால் தாழ்த்தியது பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. கொங்கு மண்டலத்தில் அறிவியலுக்குத் தனி மரியாதை. ஆலையும் பம்புசெட்டும் பொறியியல் கல்லூரியும் வளர்த்த ஊர் கோவை. ஈரோட்டிலிருந்து கிளம்பிய பெரியார், புராணங்களை எதிர்க்க அறிவியலைத்தான் கையில் எடுத்தார். நமக்கும் அது ஆயுதமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் மோட்டார் செய்யத் தெரிந்த இதே மண்டலத்தில்தான் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையும் நீடித்தது. அறிவியல் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்பது ஒரு நம்பிக்கை. வரலாறு அதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஆதாரம் கேட்காமல் ஏற்றுக்கொண்டால், சொல்பவர் காவி உடுத்தியிருந்தாலும் வெள்ளை அங்கி போட்டிருந்தாலும் அது பக்திதான்.

இரண்டு வகைப் பொய்

அறிவியல் மோசடி என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது மூலிகை பெட்ரோல். 1996இல் ராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். அதிகாரிகளும் சில விஞ்ஞானிகளும்கூட முதலில் நம்பினார்கள். கட்டுப்பாடான சோதனை நடந்தபோது பெட்ரோல் வரவில்லை. பின்னர் அவர் விற்ற எரிபொருள் குறித்து சிபிஐ வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. வழக்கு முடிய இருபது ஆண்டு ஆனாலும், பெட்ரோல் வரவில்லை என்பது சோதனை செய்தவுடன் தெரிந்துவிட்டது. ஏன்? "என் கண் முன்னால் மறுபடி செய்து காட்டு" என்று கேட்க ஆள் இருந்தது, அப்படிக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அந்த உரிமை இல்லாத இடத்தில் ஒரு பொய்யான முடிவு எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? அதற்கு விடை வேண்டுமானால் நம் மூதாதையரின் மூக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

காலிப்பரின் கீழ் சாதி

ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி 1880களின் நடுவில் வங்காளத்தில் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். வட இந்தியாவில் 89 சாதி, பழங்குடிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 பேரின் தலையும் மூக்கும் அளக்கப்பட்டன. அளவுகள் 1891இல் அச்சாயின. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீட்டெண். எண் குறைந்தால் கூர்மூக்கு, கூடினால் அகன்ற மூக்கு. இந்த எண் ஏற ஏற ஒரு சாதியின் சமூகத் தகுதி இறங்கிக்கொண்டே போகிறது என்பதுதான் ரிஸ்லி கண்டதாகச் சொன்ன விதி. சாதியின் அடியில் இருப்பது இனம், அதாவது இரத்தம் என்பது அதன் பொருள்.

இதை ஒரு தனிமனிதரின் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையர் அவர்தான். அந்தக் கணக்கெடுப்பு சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முயன்றது. தங்கள் சாதியை மேலே ஏற்றச் சொல்லி நாடெங்கும் இருந்து மனுக்கள் குவிந்தன. மனு ஏற்கெனவே பிறப்பால் பிரித்து வைத்திருந்ததற்கு, காலிப்பர் இப்போது தசமப் புள்ளியோடு சான்றிதழ் கொடுத்தது.

தெற்கே அந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கே. ரங்காச்சாரியின் உதவியோடு அவர் எழுதிய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலையில் காடர்களையும், நீலகிரியில் தோடர், கோத்தர், இருளர்களையும் அவர் அளந்தார். காவல்துறையினருக்கும் உடலை அளக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

அளக்கப்பட்டவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதை தர்ஸ்டனே வேடிக்கைபோல எழுதிவைத்திருக்கிறார். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார்கள் என்று வயநாட்டுப் பணியர் பெண்கள் அஞ்சினார்கள். பழைய சிறு குற்றம் ஒன்றுக்காகத் தேடப்பட்டுவந்த நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி நிற்க மறுத்துவிட்டார்.

தர்ஸ்டனுக்கு இது அறியாமையின் சிரிப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில ஆண்டுகளிலேயே, 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று அரசு அறிவிக்க முடிந்தது. அந்த இருளர் கம்பத்தின் பெயரைத் தவறாகச் சொல்லியிருக்கலாம். அது யாருடைய கையில் இருக்கிறது என்பதைச் சரியாகவே புரிந்துகொண்டார்.

ரிஸ்லியும் தர்ஸ்டனும் எண்களைத் தெரிந்தே புனைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் உழைத்தார்கள், ஊர் ஊராகப் போனார்கள், அட்டவணை போட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஒரே சாதிக்குள் கூர்மூக்கும் அகன்ற மூக்கும் கலந்து கிடப்பதை, தர்ஸ்டனின் அட்டவணைகளில் உள்ள மிகக் குறைந்த அளவும் மிக உயர்ந்த அளவுமே காட்டுகின்றன. சராசரி என்ற ஒற்றை எண் அதை மறைத்தது. அளக்கப்பட்டவர் எவரிடமும் அந்த அட்டவணை திரும்பி வரவில்லை. "மறுபடி அளந்து காட்டு" என்று கேட்க நம்மவர்களுக்கு வழி இல்லை.

கணக்கைத் திறந்தவர்கள்

ஆனாலும் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. தர்ஸ்டனின் தொகுதிகள் தயாராகிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1907 ஜூனில், சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார் பண்டிதர் அயோத்திதாசர். நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த சித்த மருத்துவர் அவர். நாங்கள் யார் என்பதை எங்கள் வரலாற்றிலிருந்தும் எங்கள் நூல்களிலிருந்தும் நாங்களே எழுதுவோம் என்பது அவர் எடுத்த நிலை. அவருடைய ஒவ்வொரு சொல் ஆராய்ச்சியையும் இன்று நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. பொருளாக அளக்கப்பட்டவர்கள் ஆய்வாளராக எழுந்து நின்றார்கள் என்பதே முக்கியம்.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். சாதியை உண்டாக்குவது இரத்தம் அல்ல, அகமணம்; அதைக் காக்கப் பெண்ணின் மீது போடப்படும் கட்டுப்பாடுகள் என்று அதில் நிறுவினார். 1936இல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' நூலில், பஞ்சாபின் பிராமணரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனவழி, சென்னையின் பிராமணரும் சென்னையின் பறையரும் ஒரே இனவழி என்றார்.

1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். உடலளவு ஆய்வே வேண்டாம் என்று அவர் தூக்கி எறியவில்லை. சமூகவியலாளர் குர்யே பயன்படுத்திய அதே அளவுகளை எடுத்து வைத்தார். மாகாணம் மாகாணமாகப் பிராமணரின் எண்ணையும் தீண்டப்படாதவரின் எண்ணையும் அருகருகே வைத்துப் படித்தார். இனம் வேறு என்பதால் தீண்டாமை பிறந்தது என்ற கோட்பாடு அந்த எண்களிலேயே உடைந்தது. நம்மை இழிவுபடுத்த எடுத்த அளவுகள் நம் பக்கம் சாட்சி சொல்லின.

ரிஸ்லியின் எண்களை இன்னொரு பக்கத்திலிருந்து திறந்தவர் புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ். 1933இல் தாம் தொடங்கிய 'சங்கியா' இதழில், ரிஸ்லியின் வங்காள அளவுகளை மறுபடி கணக்கிட்டார். அச்சுப் பிழைகளும் கணக்குப் பிழைகளும் ஒன்றோடொன்று பொருந்தாத எண்களும் அதில் இருப்பதைக் கண்டு திருத்தினார். அந்த அளவுகள் அச்சாகி அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

தகுதி என்ற எண்

இது காலனியத்தோடு முடிந்த கதை இல்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற உளவியலாளர் சிரில் பர்ட், அறிவுத்திறன் பெரும்பாலும் பிறப்பிலேயே வருகிறது என்று வாதாடியவர். பிரிந்து வளர்ந்த இரட்டையரை ஆராய்ந்ததாகச் சொன்னார். 1955இல் 21 ஜோடிகள். 1966இல் அது 53 ஜோடிகள். ஆனால் இரட்டையரின் அறிவுத்திறன் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண் இரண்டு முறையும் 0.771. மூன்றாவது தசம இடம்கூட அசையவில்லை. 1971இல் அவர் இறந்த பிறகு, 1974இல் லியோன் கேமின் என்ற உளவியலாளர் இதை எடுத்துக்காட்டினார். 1976இல் லண்டன் செய்தித்தாள் ஒன்று மோசடி என்றே எழுதியது. வேண்டுமென்றே செய்தாரா என்ற வாதம் பின்னும் தொடர்ந்தது. ஆனால் அந்த எண்களை ஆதாரமாக வைத்துப் பேச இன்று வழியில்லை.

மாணவ நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டவணை எல்லோர் கண் முன்னாலும் அச்சில் இருந்தது. பத்து எண்களை ஒப்பிடத் தெரிந்த எவரும் கேட்டிருக்கலாம். சொன்னவர் பெரிய மனிதர் என்பதாலும், சொன்னது மேல்தட்டுக்கு இனித்ததாலும் கேட்கவில்லை. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது 'தகுதி' பிறவியிலேயே வருவதுபோலப் பேசுகிறவர்களை நீங்கள் வகுப்பறையிலும் விடுதியிலும் சந்திக்கிறீர்கள். அடுத்த முறை சந்திக்கும்போது கோபப்படுவதற்கு முன்னால் அந்த எண் எங்கிருந்து வந்தது, யாரை அளந்தார்கள், யார் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இரத்தத்தின் புதிய பெயர்

2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்ட கோகுல்ராஜின் உடல் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒருவர் பொறியியல் பட்டதாரி, மற்றவர் பொறியியல் மாணவர். அறிவியல் படித்தால் ஊர் மதிக்கும் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள். அவர்களைக் கொன்றது இரத்தத் தூய்மை என்ற கற்பனை.

அந்தக் கற்பனைக்கு இன்று 'மரபணு' என்று புதுப்பெயர் சூட்டுகிறார்கள். சாதிக்குள் மணந்தால்தான் மரபணு கெடாது என்று மேடையிலும் வாட்சப்பிலும் பேசுகிறார்கள். ஆய்வகங்கள் சொல்வது வேறு. ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகள், இந்தியாவின் ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் பழங்காலத்தில் கலந்தவையே என்று காட்டின. அந்தப் பெருங்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்து, பிறகு அகமணம் இறுகியது என்றும் கணித்தன. தலைமுறை தலைமுறையாகச் சிறு வட்டத்துக்குள்ளேயே மணப்பது சில பரம்பரை நோய்களைப் பெருக்குகிறது என்பதையும் 2017இல் வந்த ஆய்வு காட்டியது.

இது நமக்குச் சாதகமான செய்தி. அதனாலேயே இங்கே எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. நமக்குப் பிடித்த முடிவைச் சொல்கிறது என்பதற்காக மரபணு ஆய்வை வேதமாக்கிவிட்டால், ரிஸ்லியின் வாசகர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம். நாளை இன்னொரு ஆய்வு வேறு எண்ணோடு வரலாம். அன்று நம் சமத்துவம் குறைந்துவிடுமா?

இந்தக் கேள்விக்கு அண்ணல் 1936இலேயே விடை சொல்லிவிட்டார். மனிதர்கள் திறனில் சமமாக இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சமூகம் அவர்களைச் சமமாக நடத்தியே ஆகவேண்டும் என்று வாதிட்டார். சமத்துவம் நாம் ஏற்கவேண்டிய ஆளும் கொள்கை. எந்த ஆய்வகத்திடமும் கடன் வாங்கியது அல்ல. மூக்கு அகலமாக இருந்தாலும் கூராக இருந்தாலும் சங்கருக்கு வாழும் உரிமை இருந்தது.

இந்த நிலத்தில் காலூன்றி நின்றால் அறிவியலைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதை வணங்கவும் வேண்டாம். கோவைப் பட்டறையில் லேத் ஓட்டும் தோழருக்கு இது தெரிந்த விஷயம். அவர் வெர்னியர் வைத்து அளந்த உருப்படியை இன்னொருவர் மறுபடி அளந்து பார்ப்பார். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. அப்படிப் பார்க்காத உருப்படிதான் ஆபத்து. ஒரு இயந்திர உறுப்புக்கு நாம் தருகிற இந்தக் கவனத்தை, மனிதர்களைப் பற்றிய அளவுகளுக்குத் தர மறுத்ததன் விலையைத்தான் நம் மக்கள் ஒரு நூற்றாண்டாகக் கொடுத்துவருகிறார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் என் வேண்டுகோள் இது. புள்ளியியல் படியுங்கள். மரபியல் படியுங்கள். நம்மைப் பற்றி எழுதப்பட்ட அட்டவணைகளைத் தேடி எடுத்து மறுபடி கணக்குப் போடுங்கள். ஆய்வுக்கு ஆள் தேடி சேரிக்கும் மலைக்கும் வருகிறவர்களிடம், முடிவு எங்களுக்குத் திரும்பி வருமா என்று கேளுங்கள். அயோத்திதாசரும் அம்பேத்கரும் மிச்சம் வைத்துப்போன வேலை இதுதான்.